சர்வரில் இன்டர்நெட் ஷேரிங் போட்டுத் தருகிறோம் என்பவர்களிடம் உஷார்: 9,500 ரூபாய் போச்சு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். விண்டோஸ் 2000 ஓடும் எங்கள் சர்வரில் (ஆபீஸுக்கே பொதுவான கம்ப்யூட்டர்) இருக்கும் டயல்-அப் இணைப்பை (போன் லைனில் மோடம் வழியாக டயல் செய்து பெறும் இன்டர்நெட்) ஆபீஸில் உள்ள மற்ற ஆறு கம்ப்யூட்டர்களுக்கும் பகிர்ந்து தருவதாகச் சொல்லி, கம்ப்யூட்டர் விற்று சர்வீஸும் பார்க்கும் ஒரு கடை 9,500 ரூபாயைக் கறந்துவிட்டது. பெயர் வேண்டாம், இப்படிப்பட்ட கடை எல்லா ஊரிலும் உண்டு. என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

பில்லில் மூன்று வரிகள். ஹார்டுவேர் மோடம் 3,000. இன்டர்நெட் கேட்வே (மற்ற மெஷின்கள் நெட்டுக்குப் போகும் வாசல்) சாஃப்ட்வேர் லைசென்ஸ் 4,000. லேபர் 2,500. மூன்றுமே ஏமாற்று.

நம்ப வைத்த விதம்தான் வயிற்றெரிச்சல். வந்த டெக்னீஷியன் சர்வரில் டயல் செய்தான், மோடம் கீச்சிட்டு அடங்கியது. பக்கத்து மெஷினில் கறுப்பு விண்டோவைத் திறந்து பிங் (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் கட்டளை) கொடுத்தான். 'ரிப்ளை ஃப்ரம்' என்று வரிசையாக நான்கு வரி. அடுத்து இன்னொரு மெஷினில் பிரவுசரில் ஒரு தளம் திறந்தது. "பாத்துக்கங்க சார், இதே மாதிரி எல்லா மெஷின்லயும் 56கே ஸ்பீடு வரும்." அந்த இடத்திலேயே பணம் கைமாறிவிட்டது.

மறுநாள் காலை மற்ற நான்கு மெஷின்களிலும் எஃப் டிரைவ் (சர்வரில் உள்ள ஷேர் டிரைவ்) மேல் சிவப்புப் பெருக்கல் குறி, திறக்கவில்லை. கணக்கு டேட்டா முழுக்க அதில்தான் இருக்கிறது. லாகின் மட்டும் ஆனது. பழைய லாகின் விவரத்தை விண்டோஸ் சேமித்து வைத்துக்கொள்வதால் சர்வர் எட்டாவிட்டாலும் உள்ளே விட்டுவிடும், அதனால் கோளாறு எங்கே என்பதே முதலில் பிடிபடாது.

நடந்தது இதுதான். 'கேட்வே சாஃப்ட்வேர்' என்று 4,000 ரூபாய்க்கு விற்றது விண்டோஸ் 2000-இலேயே சும்மா கிடக்கும் ஐசிஎஸ், அதாவது இன்டர்நெட் கனெக்ஷன் ஷேரிங். டயல்-அப் ஐகானில் ரைட் கிளிக், ப்ராபர்டீஸ், ஷேரிங் டேப், ஒரு டிக், அவ்வளவுதான். விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்பிலிருந்தே இது இருக்கிறது, லைசென்ஸ் என்று தனியாக ஒரு காசு கிடையாது. அந்த டிக்கைப் போட்டதும் சர்வரின் லேன் கார்டு (ஆபீஸ் நெட்வொர்க்குடன் இணைக்கும் கார்டு) தன் பழைய ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் மெஷினை அடையாளம் காட்டும் எண்) விட்டுவிட்டு 192.168.0.1-க்கு மாறும். முகவரி மாறும், மற்ற கம்ப்யூட்டர்களுடன் தொடர்பு அறுந்து போகலாம் என்று விண்டோஸே பெட்டி போட்டு எச்சரிக்கும். படிக்காமல் 'யெஸ்' அழுத்தியிருக்கிறான் அந்த மகானுபாவன். எங்கள் சர்வர் 10.0.0.1, மற்ற மெஷின்களும் அதே வரிசையில் கையால் போட்ட நிலையான முகவரிகள். டெமோ காட்டிய இரண்டை மட்டும் 'தானாக முகவரி பெறு' என்று மாற்றியிருந்தான். மற்ற நான்கும் அந்தரத்தில்.

இதில் கொடுமை, அந்த சர்வர்தான் டொமைன் கன்ட்ரோலர் (எல்லோருடைய லாகினையும் சரிபார்க்கும் சர்வர்), டிஎன்எஸ்ஸும் (பெயரைக் கொடுத்தால் முகவரி எண்ணைச் சொல்வது) அதிலேயே. அப்படிப்பட்ட நெட்வொர்க்கில் ஐசிஎஸ் போடவே கூடாது என்று விண்டோஸின் ஹெல்ப் பக்கமே சொல்கிறது. போட வேண்டியது விண்டோஸ் 2000 சர்வரிலேயே இருக்கும் ரூட்டிங் அண்ட் ரிமோட் ஆக்சஸ். அதில் டிமாண்ட்-டயல் இன்டர்ஃபேஸ் (தேவைப்படும்போது டயல் செய்யும் இணைப்பு) ஒன்று, அதை நோக்கி 0.0.0.0, மாஸ்க் 0.0.0.0 என்று ஸ்டாடிக் ரூட் (வெளியே போவதெல்லாம் இந்த வழி என்று நிலையாகச் சொல்வது) ஒன்று. பிறகு நாட் (பல மெஷின்களை ஒரே வெளி முகவரியில் நெட்டுக்கு அனுப்புவது) பகுதியில் லேன் கார்டை பிரைவேட் என்றும், டயல்-அப்பைப் பப்ளிக் என்றும் சேர்த்து, ஹெட்டர் டிரான்ஸ்லேட் டிக்கையும் போட வேண்டும். சர்வரின் லேன் கார்டில் டிஃபால்ட் கேட்வே காலியாக இருக்க வேண்டும், நிறையப் பேர் கோட்டை விடும் இடம் இது. இப்படிச் செய்தால் 10.0.0.1 அப்படியே இருக்கும், ஒரு மெஷினின் முகவரியும் மாறாது. மற்ற மெஷின்களில் கேட்வே, டிஎன்எஸ் இரண்டுக்கும் 10.0.0.1. சர்வரின் டிஎன்எஸ்ஸில் ஃபார்வர்டராக (தனக்குத் தெரியாத பெயரை யாரிடம் கேட்பது என்பது) இன்டர்நெட் கம்பெனியின் டிஎன்எஸ் எண்ணைக் கொடுக்க வேண்டும். அந்தப் பக்கம் மங்கலாகி எழுத விடாமல் இருந்தால் அங்கே வெறும் புள்ளி என்ற பெயரில் ஒரு ஸோன் (டிஎன்எஸ்ஸின் ஒரு பெயர்ப் பகுதி) இருக்கும். அதை நீக்கினால்தான் திறக்கும்.

கடைக்குப் போன் செய்தால் முதல் பதில், "லைன் பிரச்சினை சார், டெலிபோன்ஸ்ல சொல்லுங்க." லேனில் டிரைவ் தெரியாததற்கும் டெலிபோன் லைனுக்கும் என்னய்யா சம்பந்தம்? அடுத்து, "வைரஸா இருக்கும், ஃபார்மேட் பண்ணிரலாம்." டொமைன் கன்ட்ரோலரை ஃபார்மேட் செய்வதாம்! கடைசியில், "வந்த பையன் வேலையை விட்டுட்டான் சார்." பில் கடையின் பெயரில் இருக்கிறது, பையன் பெயரில் இல்லை.

சர்வரில் லாக் ஆஃப் செய்தால் நெட் அறுந்துபோகிறது என்று கேட்டதற்கு, "அட்மினிஸ்ட்ரேட்டராவே எப்பவும் லாகின் பண்ணி வைங்க" என்றார் முதலாளி. சர்வரை யார் வேண்டுமானாலும் நோண்டலாம் என்று திறந்து போடச் சொல்கிற அறிவுரை. ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் இடம்) வின்லாகன் பகுதியில் 'கீப் ராஸ் கனெக்ஷன்ஸ்' என்று சேர்த்து எழுதி, மதிப்பு 1 கொடுத்தால் லாக் ஆஃப் ஆனாலும் இணைப்பு நிற்கும். அதுகூடத் தெரியாமல் 2,500 லேபர்.

தேவைப்படும்போது தானாக டயல் செய்யும் வசதியைப் போட்டுவிட்டு, சும்மா இருந்தால் துண்டிக்கும் நேரத்தை 'நெவர்' என்று விட்டிருந்தான். ஏதோ ஒரு மெஷினில் ஆன்டிவைரஸ் அப்டேட் தேடினாலும் மோடம் டயல் செய்யும். அப்புறம் விடிய விடிய லைன் திறந்தே கிடக்கும். மணிக்கணக்கில் வாங்கிய இன்டர்நெட் பேக்கும் கரைகிறது, போன் பில்லும் ஏறுகிறது. 9,500-க்கு மேல் இது தனிக்கணக்கு.

மோடத்தையும் பார்த்தாயிற்று. போன் அண்ட் மோடம் ஆப்ஷன்ஸில் மோடத்தின் டயக்னாஸ்டிக்ஸ் பக்கத்தில் 'க்வெரி மோடம்' அழுத்தினால் ஹெச்எஸ்எஃப் என்று வருகிறது. பில்லில் போட்ட ஹார்டுவேர் மோடம் இல்லை, சாஃப்ட் மோடம். சிக்னல் வேலையை எல்லாம் சர்வரின் பிராசஸர் தலையில் கட்டும் மலிவுச் சரக்கு. 56கே (நொடிக்கு 56 கிலோபிட்) என்பதும் இறங்கும் திசையில் மட்டும்தான், அதுவும் லைன் சுத்தமாக இருந்தால். ஏறும் திசையில் பெரும்பாலும் 33.6கே. நல்ல நேரத்தில் நொடிக்கு 5 கிலோபைட், அதைத்தான் ஆறு பேர் பிரித்துக்கொள்ள வேண்டும். எல்லா மெஷினிலும் 56கே வரும் என்றது வடிகட்டிய பொய்.

விவரமாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது பொறுமை இல்லை. வேலை தொடங்கும் முன் எல்லா மெஷினிலும் 'ஐபிகான்ஃபிக் ஆல்' (மெஷினின் முகவரி, கேட்வே, டிஎன்எஸ் எல்லாம் காட்டும் கட்டளை) கொடுத்து பிரிண்ட் எடுத்து வையுங்கள். சர்வரை ரீஸ்டார்ட் செய்து, ஒரு மெஷின் விடாமல் நெட்டும் ஷேர் டிரைவும் வருகிறதா என்று பார்க்கும் வரை பணம் தராதீர்கள். சாஃப்ட்வேர் லைசென்ஸ் என்றால் பெட்டியும் சாவி எண்ணும் எங்கே என்று கேளுங்கள். பில்லில் மோடத்தின் மாடல் நம்பர் இல்லாமல் விடாதீர்கள், மாவட்ட நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போனால் அதுதான் கையில் இருக்கும். எங்கள் 9,500-க்கு ரிஜிஸ்தர் தபால் போய்விட்டது, அக்னாலட்ஜ்மென்ட் அட்டை மட்டும் வந்திருக்கிறது.