யூரோலீக் விமன் 2024-25: ஒரு சீசன் முழுக்கப் பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கூடைப்பந்து ஆடுகிற பெண் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த லீகுக்குத் தாராளமாகச் சந்தா கட்டலாம். பார்க்க வைக்கிற செயலியில் குறைகள் உண்டு, அதைக் கீழே எழுதுகிறேன். ஆட்டத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

யூரோலீக் விமன் என்பது ஐரோப்பாவின் பெண்கள் கிளப் கூடைப்பந்தில் உச்சத்தில் இருக்கிற போட்டி. 1958-59ல் ஐரோப்பியக் கோப்பை என்ற பெயரில் தொடங்கியது, 1996ல்தான் இந்தப் பெயர் வந்தது. லாத்வியாவின் டௌகாவா ரீகா 18 தடவை வென்றிருக்கிறது, அந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில்கூட இன்னும் யாரும் வரவில்லை. நான் பார்த்த சீசனில் 16 அணிகள். அக்டோபரில் தொடங்கி ஏப்ரலில் முடிந்தது. முன்பு கடைசியில் நாலு அணிகள் ஒரே ஊரில் கூடி ஆடும், இந்த முறை அதை ஆறாக்கி ஸ்பெயினில் உள்ள சரகோசாவில் நடத்தினார்கள்.

நேரம் நமக்கு ரொம்பத் தோது. அமெரிக்காவின் பெண்கள் லீகான டபிள்யூஎன்பிஏ பார்க்கிறவர்களுக்குத் தெரியும், அங்கே சாயங்காலம் ஏழு மணி ஆட்டம் என்றால் நமக்கு விடிகாலை நாலரை, அலாரம் வைத்து எழ வேண்டும். இங்கே பெரும்பாலான ஆட்டங்கள் புதன்கிழமை, துருக்கியில் ஏழு மணிக்குத் தொடங்கினால் நமக்கு ராத்திரி ஒன்பதரை, சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு உட்கார்ந்தால் சரியாக இருக்கும். பிரான்ஸ், ஸ்பெயின் பக்கம் எட்டு மணி ஆட்டம் என்றால் மட்டும் குளிர்காலத்தில் நமக்குப் பன்னிரண்டரை ஆகிவிடும். அதை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

இதை நான் தொடங்கியதே அண்ணன் பொண்ணுக்காக. பதினோராம் வகுப்பு, பள்ளி அணியில் போஸ்ட், அதாவது ரிங் அடியில் நின்று ஆடுகிற இடம், ஆடுகிறாள், வீட்டிலேயே உயரம் அவள்தான். அதுவரை அவள் பார்த்ததெல்லாம் போனில் வரும் அமெரிக்க ஆட்டத் துண்டுகள். முதல் வாரமே செக் நாட்டு யுஎஸ்கே பிராகா ஆட்டம் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "அத்தை, அந்தக்கா ஏன் ரிங் அடியை விட்டு நகரவே மாட்டேங்கிறாங்க? விசில் அடிக்க மாட்டாங்களா?" என்று கேட்டாள். அவள் காட்டியது எஸி மக்பெகோரை. ஆஸ்திரேலியாக்காரர், நல்ல உயரம், எதிரணி பந்தை வெளியே சுற்றிக்கொண்டிருக்கும்போது கையை விரித்துக்கொண்டு பெயின்ட்டுக்குள்ளேயே, அதாவது ரிங் அடியில் இருக்கிற கட்டத்துக்குள்ளேயே, நிற்கிறார், பார்வை மட்டும் பந்தோடு போய்க்கொண்டிருக்கிறது.

விசில் அடிக்க மாட்டார்கள், ஏனென்றால் இது ஃபீபா, அதாவது சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பின் விதி. டபிள்யூஎன்பிஏவில் 2013 முதல் தடுப்பு ஆட்டக்காரருக்கும் மூன்று விநாடிக் கணக்கு உண்டு, ஆளை ஒட்டி நிற்காமல் சும்மா ரிங் அடியில் நின்றால் தவறு. ஃபீபாவில் அந்தக் கணக்கு தாக்குகிற அணிக்கு மட்டும்தான். அதனால் உயரமான பெண் ஒருத்தி உள்ளே நின்றே வழியை அடைத்துவிடலாம், உள்ளே வெட்டி வருகிறவள் கடைசி நொடியில் பந்தை மூலைக்குத் தள்ள வேண்டியிருக்கும், மூலையில் நிற்பவளுக்கு மூணு பாயிண்ட் கை இருந்தே ஆக வேண்டும். ஆட்டத்தின் வடிவமே மாறிவிடுகிறது. தனி ஆள் சாகசம் குறைவு, பாஸ் அதிகம், ஆளைத் தொடராமல் இடத்தைக் காக்கிற ஜோன் தடுப்பு நிறைய. நம் பள்ளி, கல்லூரி, மாவட்டப் போட்டிகள் எல்லாம் ஆடுவதும் இந்த விதியில்தானே. அமெரிக்க ஆட்டத்தில் பார்த்ததை நம் கோர்ட்டில் அப்படியே செய்து பார்த்தால் பாதி உதைக்கும், இங்கே பார்ப்பதைச் சனிக்கிழமை காலையே போய் ஆடிப் பார்க்கலாம். நான் சந்தாவைப் புதுப்பிக்கக் காரணம் இது ஒன்றுதான்.

அப்புறம் இந்த லீகின் ஊர்கள். பெரிய நகரம் என்று இஸ்தான்புல், பிராக், வாலென்சியா இருக்கின்றன, ஆனால் என் மனசுக்குப் பிடித்தவை சின்ன ஊர்கள். இத்தாலியில் ஸ்கியோ என்று ஒரு ஊர், பழைய கம்பளி ஆலை ஊர், அங்கேயிருந்து ஒரு அணி வருடா வருடம் ஐரோப்பாவின் பெரிய கிளப்களோடு மோதுகிறது. பிரான்சின் பூர்ஜ் பெரிய நகரம் ஒன்றும் இல்லை, மூன்று முறை பட்டம் வென்றிருக்கிறது, 1997, 1998, 2001. ஹங்கேரியில் ஆஸ்திரிய எல்லையோரம் இருக்கிற ஷோப்ரோன் 2022ல் இஸ்தான்புல்லுக்கே போய் ஃபெனர்பாஹ்சேயை 60-55 என்று தோற்கடித்துக் கோப்பையைத் தூக்கியது. ஆறு முறை வென்ற எகடெரின்பர்க் உள்ளிட்ட ரஷ்ய அணிகளை உக்ரைன் போரை ஒட்டி வெளியே அனுப்பிய வருடம் அது. அந்த வெற்றிடம் துருக்கிக்குச் சாதகமானது, அடுத்த இரண்டு வருடமும் ஃபெனர்பாஹ்சேதான். இறுதி ஆட்டங்களில் 2023ல் துருக்கியின் இன்னொரு அணி மெர்சினை 99-60, 2024ல் பிரான்சின் வில்நெவ் தாஸ்க்கை 106-73. இறுதி ஆட்டத்தில் முப்பது நாற்பது பாயிண்ட் வித்தியாசம் வந்தால் பார்க்கிறவர்களுக்கு என்ன இருக்கிறது? அந்த இரண்டு சீசனை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2024-25 அப்படி இல்லை. அந்த இரண்டு வெற்றிகளில் முன்னால் நின்ற பிரியானா ஸ்டூவர்ட்டும் நஃபீசா காலியரும் சேர்ந்து அமெரிக்காவிலேயே அன்ரைவல்ட் என்று சொந்த லீகைத் தொடங்கினார்கள், 2025 ஜனவரியில் மயாமியில். குளிர்காலத்தில் சம்பாதிக்க ஐரோப்பாவுக்கு வந்துகொண்டிருந்தவர்களில் சிலருக்கு இப்போது வீட்டுப் பக்கத்திலேயே வேலை. டபிள்யூஎன்பிஏவும் பயிற்சி முகாமுக்குத் தாமதமாக வரும் மூத்த ஆட்டக்காரர்களை அந்த சீசனுக்கே ஒதுக்கிவைக்கிற விதியை 2024ல் முழுசாக அமலாக்கிவிட்டது. யூரோலீக் இதனால் மெலிந்துபோகும் என்று நானும் பயந்தேன். ஆனால் ஒருவரை நம்பி ஆடாமல், சேர்ந்து ஆடத் தெரிந்த அணிகள் மேலே வந்தன. எனக்கு அது நல்லதாகவே பட்டது.

பிராகாவைத்தான் சொல்கிறேன். பயிற்சியாளர் நதாலியா ஹெய்கோவா எழுபதைத் தொட்டவர், ஸ்லோவாகியாவின் ருஷோம்பெரோக் அணியை 1999லும் 2000லும் சாம்பியனாக்கியவர், 2015ல் இதே பிராகாவோடு எகடெரின்பர்க்கை வீழ்த்தியவர். அந்த சீசனில் அவருடைய அணியில் பிரியானா ஜோன்ஸ் இருந்தார், 2023ல் குதிகால் தசைநாண் அறுந்து, அதற்கப்புறம் திரும்பி வந்த போஸ்ட். ரீபவுண்டுக்கு, அதாவது ரிங்கில் பட்டுத் திரும்பும் பந்துக்கு, பந்தைப் பார்ப்பதற்கு முன் முதுகால் ஆளைத் தேடிப் பிடிப்பார், பிடித்த பிறகுதான் தலையைத் தூக்குவார். அண்ணன் பொண்ணு அந்த இடத்தை மட்டும் பின்னால் இழுத்து இழுத்துப் பார்த்தாள். அந்த வாரமே அவள் கோர்ட்டில் யாரையோ முதுகால் நெட்டித் தள்ளுவதைப் பார்த்தேன், கால் இன்னும் அகலம் போதவில்லை, ஆனால் தேடல் வந்துவிட்டது.

இனி செயலியின் குறைகள். பெயர் வேண்டாம், நான் பணம் கட்டிய இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கட்டணம் என்று என் கார்டு இரண்டு தடவை திரும்பி வந்தது, உதவிக்கு எழுதினால் மூன்றாம் நாள் பொதுவான பதில் ஒன்று வந்தது. டிவியில் படம் அவ்வப்போது நின்று, திரும்பி வரும்போது பத்து விநாடி முன்னால் போய்விடும், நெருக்கமான நாலாவது குவார்ட்டரில் அது பெரிய கொடுமை. எல்லாவற்றையும் விட மோசமானது, மறுநாள் பார்க்கலாம் என்று திறந்தால் முகப்புப் படத்திலேயே முடிவு தெரிந்துவிடுகிறது. இதைச் சரிசெய்ய ஒரு பட்டன் போதும், இத்தனை நாளும் அதைச் செய்யவில்லை. காசு கொடுக்குமுன் ஒன்று செய்யுங்கள், ஃபீபாவின் யூடியூப் பக்கத்தில் பழைய சீசன்களின் முழு ஆட்டங்கள் இருக்கின்றன, அதில் இரண்டு மூன்று பார்த்துவிட்டுப் பிடித்தால் கட்டுங்கள்.

வர்ணனை ஆங்கிலத்தில், நிதானமாகப் பேசுகிறார்கள், பிள்ளைக்குப் புரிகிறது. ஆனால் உள்ளூர் ஒலிபெருக்கிச் சத்தம் சில அரங்குகளில் வர்ணனையை மூழ்கடித்துவிடும்.

இறுதி ஆட்டம் ஏப்ரல் 13, ஞாயிறு. மறுநாள் சித்திரை ஒன்று. அம்மா மாங்காயும் வேப்பம்பூவும் எடுத்து வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டார், நாங்கள் இரண்டு பேரும் சத்தத்தைக் குறைத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பிராகா 66, மெர்சின் 53. ஐரோப்பாவின் இறுதி ஆட்டத்தில் ஓர் அணியை நாற்பது நிமிஷத்துக்கு 53ல் நிறுத்துவது சாதாரண வேலை இல்லை. அண்ணன் பொண்ணு கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் பெயின்ட்டைக் கட்டம் போட்டு, மக்பெகோர் எங்கே நிற்கிறார், பந்து எந்தப் பக்கம் போனால் எத்தனை அடி நகர்கிறார் என்று அம்புக்குறி போட்டுக்கொண்டே இருந்தாள். "பி.டி. சார்கிட்ட காட்டணும் அத்தை, ஜோன்ல நடுவுல என்னை நிக்க விடச் சொல்லி" என்றாள். அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் நோட்டோடே பையில் வைத்திருக்கிறாள்.