மானை எண்ணுவதா, புழுக்கையை எண்ணுவதா?

டென்மார்க்கில் காலோ என்றொரு எஸ்டேட். 1950இல் அங்கிருந்த ரோ மான்களை (ஐரோப்பாவின் சிறு மான் இனம்) ஒன்று விடாமல் சுட்டுவிடுவது என்று முடிவு செய்தார்கள். அந்தக் காட்டை நன்றாகத் தெரிந்தவர்கள் போட்ட கணக்கு, சுமார் 70 மான். சுட்டு முடித்தபோது விழுந்திருந்தவை 213. ‘என் நிலத்தில் எத்தனை மான் என்று எனக்குத் தெரியாதா?’ என்று யாராவது சொன்னால் எனக்கு இந்த இரண்டு எண்களும்தான் ஞாபகம் வரும்.

நம்மூரில் மானைச் சுட்டால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தில் ஜெயில். இங்கிலாந்தில் கதை வேறு. ஓநாயும் லின்க்ஸ் என்ற காட்டுப்பூனையும் எப்போதோ ஒழிந்துவிட்டன. கோதுமை வயலும் நடுநடுவே சிறு காடும் இருக்கிற பண்ணையில் மான் பெருகினால் குறைக்க மிஞ்சியிருப்பது பெரும்பாலும் துப்பாக்கிதான். அதற்கும் காலக்கெடு உண்டு. ரோ, ஃபாலோ என்ற இரண்டு மான் இனங்களிலும் பெண் மானை நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரைதான் சுடலாம். அதற்குள் எத்தனை சுடுவது என்பதற்கு ஏதாவது ஒரு கணக்கு வேண்டுமே.

இப்போது எல்லோரும் ஓடுவது உடல் சூட்டை வைத்து இருட்டிலும் காட்டும் தெர்மல் கேமராவுக்கு. இலை உதிர்ந்து, பயிர் கணுக்கால் உயரம்கூட வராத பிப்ரவரி, மார்ச் இரவுகள்தான் இதற்குத் தோது. நண்பர் ஒருவரின் பண்ணையில் அப்படியொரு இரவு நானும் போய் நின்றேன். கறுப்புத் திரையில் 11 வெள்ளைப் புள்ளிகள். ‘பதினொன்று’ என்று நோட்டில் எழுதியாகிவிட்டது. கால் மணி நேரத்தில் அவற்றில் நான்கு தத்தித் தத்திப் போயின. முயல்! தொலைவில் முயலுக்கும் முன்ட்ஜாக்குக்கும் வித்தியாசம் சொல்வது லேசில்லை (முன்ட்ஜாக் நம் கேளையாட்டின் சீனத்து உறவு, அதைவிடக் குள்ளம்). புதருக்குப் பின்னால் படுத்திருப்பது தெரியவே தெரியாது. ஆக, தெர்மலில் வருவது ‘குறைந்தது இத்தனை’ என்ற எண்தான். ஆனால் கிட்டத்தில் கண்டால் ஆணா, பெண்ணா, போன வருடத்துக் குட்டியா என்று ஓரளவு பிரித்துவிடலாம். மற்ற வழிகளில் இது அவ்வளவு சுலபமில்லை. ஒரு எச்சரிக்கை: இரவில் பார்க்கத் தடையில்லை, சுடத்தான் தடை. 1991ஆம் ஆண்டு மான் சட்டப்படி, சூரியன் மறைந்து ஒரு மணி நேரம் கழிந்ததிலிருந்து மறுநாள் உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு வரை, தனி லைசென்ஸ் இல்லாமல் சுடக் கூடாது.

ட்ரோனில் தெர்மல் மாட்டிப் பறக்கவிட்டால் மேலிருந்து பார்ப்பதால் வேலி மறைக்காது, ஒரே காலையில் முழுப் பண்ணையையும் சுற்றிவிடலாம். வெயில் ஏறிவிட்டால் சூடான கல்லும் மான் மாதிரியே மின்னும். பார்க்க ஜோர்தான். ஆனால் வருடா வருடம் ஆளை வரவழைத்துக் காசு கொடுக்கத் தயாரா என்பதுதான் கேள்வி.

மரத்தில் கட்டும் தானியங்கி கேமராவை எண்ணிக்கைக்கு நான் நம்புவதில்லை. கொம்பை வைத்து ஆண் மான்களை அடையாளம் காணலாம், சரி. பெண் மான்? ஒரே மான் இருபது படத்தில் வந்தாலும் இருபது மான் மாதிரிதான் இருக்கும். அடையாளம் தெரியாமலேயே கணக்கிடும் முறையும் உண்டு. அதற்குக் கேமராவைக் கண்ட கண்ட இடத்தில், மான் தடத்தைப் பார்க்காமல் வைக்க வேண்டும். அப்படி வைக்க யாருக்கு மனசு வரும்?

இனி புழுக்கை. யாருக்கும் பிடிக்காத வேலை, எனக்குப் பிடித்த வேலை. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டராக 20 கட்டங்கள் குறித்து, கிடக்கிற புழுக்கையெல்லாம் கூட்டி எறிந்துவிட்டு 60 நாள் கழித்துப் போய் எண்ணுகிறோம். 24 குவியல் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தப் பரப்பு 0.2 ஹெக்டேர், அப்படியானால் ஹெக்டேருக்கு 120 குவியல், நாளுக்கு 2. ஒரு மான் ஒரு நாளில் ஏறத்தாழ 20 தடவை போடும் என்று கொண்டால், 100 ஹெக்டேருக்கு 10 மான். அந்த 20 என்பது 17 என்றானாலே விடை 12க்குத் தாவிவிடும். அதனால் எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வேறு தொல்லைகளும் உண்டு. கோடையில் வண்டும் மழையும் புழுக்கையைக் கரைத்துவிடும், அதனால் குளிர்காலமே மேல். ஆறுக்குக் குறைவாகக் கிடந்தால் குவியலில் சேர்ப்பதில்லை. ஃபாலோ புழுக்கை பெரும்பாலும் ஒரு முனை கூராகவும் மறுமுனை குழிந்தும் இருக்கும், ஆட்டுப் புழுக்கை அழுந்தி ஒட்டிக் கிடக்கும். குட்டி ரோ எது, முன்ட்ஜாக் எது என்பதில் பழகியவர்களே தடுமாறுவார்கள். இருந்தாலும் அதே கட்டங்களை, அதே மாதத்தில், அதே ஆள் வருடா வருடம் எண்ணினால் ஏறுகிறதா இறங்குகிறதா என்பது தெரிந்துவிடும். ராத்திரி தூக்கம் கெட வேண்டியதில்லை, ஒரு கயிறும் நாலு குச்சியும் போதும்.

மானையே எண்ணாத வழியும் இருக்கிறது. வயலில் சின்னதாக ஒரு கம்பிக்கூண்டு கவிழ்த்து வைத்து, உள்ளே நிற்கும் பயிரையும் வெளியே நிற்பதையும் ஒப்பிட்டுப் பார்ப்பது. கடித்தது மான்தானா என்பதைத் தண்டே சொல்லும். மானுக்கு மேல் வரிசை முன்பற்கள் கிடையாது, அதனால் இழுத்துக் கிழித்த மாதிரி நார் நாராக இருக்கும். முயல் கடித்தது கத்தியால் சாய்த்து வெட்டியது போல இருக்கும்.

என் தேர்வு புழுக்கையும் கூண்டும். தெர்மல் எத்தனை என்பதற்கு அல்ல, எவற்றைச் சுடுவது என்பதற்கு. கொம்பழகனைச் சுட்டால் படம் எடுத்துக்கொள்ளலாம்; அடுத்த மே, ஜூனில் பிறக்கும் குட்டிகள் அப்படியே பிறக்கும். ரோ மான் பெரும்பாலும் இரட்டை ஈனும், அதனால் மார்ச் கணக்கோடு அதையும் கூட்டித்தான் நவம்பர் பட்டியல் போட வேண்டும், அதில் பெண் மான்கள்தான் அதிகம் இருக்க வேண்டும்.

இதெல்லாம் ரோ மானுக்குச் சரி, அது பெரும்பாலும் ஒரே இடத்தைச் சுற்றி வரும். ஃபாலோ அப்படியில்லை. நாலைந்து பண்ணைகளையும் ஒரே வீடாக நினைத்துத் திரியும் மந்தை அது. இன்று காலை உங்கள் கோதுமையில் 60 நிற்கும், நாளையிலிருந்து இரண்டு வாரம் ஒன்றுகூட இருக்காது. அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்களும் தாங்கள் பார்த்ததைத் தனித்தனியாக எழுதி வைத்திருப்பார்கள், கூட்டினால் 60 மான் 240 ஆகிவிடும். எல்லோரும் ஒரே இரவு, ஒரே நேரத்தில் எண்ண வேண்டும். அதற்கு முதலில், வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய பக்கத்துப் பண்ணைக்காரருக்குப் போன் போட வேண்டும்.