லேனாவா, மெக்கென்சியா?

இரண்டும் வடக்கே பாய்ந்து ஆர்க்டிக் கடலில் விழும் ஆறுகள். நீளம் என்று பார்த்தால் சைபீரியாவின் லேனா சுமார் 4,300 கி.மீ. கனடாவின் மெக்கென்சியோ கிரேட் ஸ்லேவ் ஏரியிலிருந்து அளந்தால் 1,738 கி.மீ.தான். அந்த ஏரிக்கும் மேலே பீஸ், ஃபின்லே என்ற ஆறுகள் வழியே போய்க்கொண்டே இருந்தால் அதுவும் 4,200-ஐத் தாண்டும். ஆக, எங்கிருந்து அளக்கிறோம் என்பதுதான் கணக்கு.

பிறப்பில்தான் பெரிய வேறுபாடு. லேனா பைக்கால் ஏரிக்குப் பக்கத்து மலையில் தோன்றினாலும் அந்த ஏரியின் தண்ணீர் அதற்குக் கிடைப்பதில்லை; அது அங்காரா ஆறு வழியே வேறு பக்கம் போய்விடுகிறது. மெக்கென்சி ஏரியிலிருந்தே புறப்படுவதால் தெளிவாக வரும். ஃபோர்ட் சிம்ப்சனில் லியார்ட் ஆறு சேற்றோடு வந்து சேர்ந்ததும், தெளிந்த நீரும் கலங்கல் நீரும் வெகுதூரம் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடும்.

ஆற்றைக் கடப்பதிலும் மெக்கென்சிக்காரர்கள் கொஞ்சம் அதிர்ஷ்டசாலிகள்: ஃபோர்ட் பிராவிடன்ஸ் அருகே 2012-இல் பாலம் வந்தது. லேனா கரையிலுள்ள யாகுட்ஸ்க் நகரமோ கோடையில் படகையும், குளிர்காலத்தில் உறைந்த ஆற்றின்மேல் லாரி ஓட்டுவதையுமே நம்பி வாழ்ந்திருக்கிறது.

கழிமுகம் பார்க்க வேண்டுமென்றால் என் ஓட்டு லேனாவுக்கே. சுமார் 30,000 சதுர கி.மீ. விரிந்து கிடக்கிறது. வெள்ளத்தில் மட்டும் இரண்டும் ஒரே ரகம். தெற்கே பனி முதலில் உருக, வடக்கே இன்னும் உறைந்திருக்கும். உடைந்த பனிக்கட்டிகள் அடைத்துக்கொண்டு தண்ணீர் ஊருக்குள் ஏறிவிடும். 2001-இல் லேனா கரையிலுள்ள லென்ஸ்க் அப்படித்தான் மூழ்கியது.