தாம்பரம் பக்கம் சைவம் சாப்பிடப் போன கதை

விமானம், வங்கி, பத்திரப் பதிவு என்று இந்த முறை லண்டனிலிருந்து ஊருக்கு வந்து அலைந்ததில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆகவே அவற்றை விட்டுவிடுகிறேன். நான் எழுத உட்கார்ந்தது ஒரு தட்டு கோபி 65-ஐப் பற்றி. இதற்கா இவ்வளவு என்று மனைவி கேட்டாள். சேலையூரில் தனியாக இருக்கும் என் அம்மாவைப் போன்றவர்கள் குடும்பத்தோடு வெளியே போய் நிம்மதியாக ஒரு வேளை சாப்பிட முடியுமா என்பது எனக்குச் சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

முன்பெல்லாம் தாம்பரத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கினால் எங்கே சாப்பிடுவது என்ற யோசனையே எழாது. வாசலில் ‘உயர்தர சைவ உணவகம்’ என்ற பலகை, கல்லாவுக்கு மேலே மாலை போட்ட சாமி படம், மாலை நான்கு மணிக்கு மேல் டிபன், தூக்குவாளியோடு மேசை மேசையாக வந்து சாம்பார் ஊற்றும் பையன் என்று எல்லாம் அததன் இடத்தில் இருக்கும். சர்வர் ஒரே மூச்சில் ஒப்பிக்கும் பட்டியலில் பாதி காதில் விழாவிட்டாலும், எதைச் சொன்னாலும் சாப்பிடலாம் என்ற தைரியம் இருந்தது. அந்தப் பலகை கொடுத்த தைரியம் அது.

இன்றைக்குத் தாம்பரம்–வேளச்சேரி சாலையில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் என்று போய்க்கொண்டே இருந்தால், புதிதாக வந்த கடைகளில் பெரும்பாலானவை சைவம், அசைவம் இரண்டையும் ஒரே கூரையின் கீழ்த் தருபவை. இதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. மத்திய அரசின் 2014-ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் உண்பவர்கள். கடை நடத்துபவர் அவர்களுக்காகத்தான் நடத்துவார். எங்கள் வீட்டிலேயே என் தம்பி குடும்பத்துக்குப் பிரியாணி வேண்டும், அம்மாவுக்கும் என் மகளுக்கும் சைவம் வேண்டும். பெயர் பெற்ற சைவச் சங்கிலி ஓட்டல்கள் இருக்கின்றன என்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை இரவில் அங்கே, சாப்பிட்டுக்கொண்டிருப்பவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்று இடம் பிடிக்க வேண்டும். மூட்டு வலியோடு இருக்கும் அம்மாவால் அப்படி நிற்க முடியாது. ஆகவே எல்லோரும் ஒரே மேசையில் உட்காரக்கூடிய, வீட்டிலிருந்து ஐந்து நிமிடத் தொலைவில் திறந்திருந்த ஒரு பெரிய கடைக்குப் போனோம்.

பளபளப்பான அட்டையில் சைவ உணவு ஒவ்வொன்றின் பக்கத்திலும் பச்சைப் புள்ளி அச்சிட்டிருந்தார்கள். நான் சர்வரைக் கூப்பிட்டு, “தம்பி, வெஜ்ஜுக்கு எண்ணெய், பாத்திரம் எல்லாம் தனிதானே?” என்று கேட்டேன். அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமலே, “எல்லாம் தனிதான் சார்” என்றார். அம்மாவுக்கு இடியாப்பம், மகளுக்கு ஃப்ரைடு ரைஸ், நடுவில் வைத்துக்கொள்ளக் கோபி 65 சொன்னோம்.

கோபி சூடாக, கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் தூவி வந்தது. அம்மா இரண்டு துண்டு எடுத்துச் சாப்பிட்டு, நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னார். மூன்றாவது துண்டை மகள் முள்கரண்டியால் பிளந்தபோது அது காலிஃப்ளவர் மாதிரி உதிராமல், நார் நாராகப் பிரிந்தது. அதே சிவப்பு மாவு, அதே அளவு, உள்ளே வெள்ளையாகச் சதை. மகள் ஒன்றும் பேசாமல் தட்டை என் பக்கம் நகர்த்தினாள். அம்மா அதைப் பார்த்துவிட்டார். எழுந்து போய்க் கைகழுவி, வாய் கொப்பளித்துவிட்டு வந்து, “பரவாயில்லைடா, யாரையும் திட்டாதே” என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அந்த இடியாப்பத்தை அவர் தொடவில்லை.

மேற்பார்வையாளர் வந்தார். “சாரி சார், மாத்தித் தரச் சொல்றேன்” என்றார். எந்த எண்ணெயிலிருந்து மாற்றித் தருவீர்கள் என்று கேட்டேன், பதில் இல்லை. சமையலறையைப் பார்க்கலாமா என்றால் அனுமதி இல்லை என்றார். நான் குரலை உயர்த்திய பிறகு மாஸ்டரே வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். “கடாய் ஒண்ணுதான் சார். கூட்ட நேரத்துல கோபி, சிக்கன் எல்லாம் அதுலதான் போகும். ஜல்லிக் கரண்டியில ஒரு துண்டு தங்கியிருக்கும்.” பில்லில் கோபியை மட்டும் கழித்துவிட்டு, தொடாத இடியாப்பத்துக்கும் 5 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்த்து நீட்டினார்கள்.

ஒரு துண்டு தவறி விழுவது எங்கேயும் நடக்கும், அதை நான் மன்னித்துவிடுவேன். என்னால் மன்னிக்க முடியாதது “எல்லாம் தனிதான் சார்” என்ற அந்தப் பதில். உள்ளே என்ன நடக்கிறது என்று அந்தப் பையனுக்கு நன்றாகத் தெரியும். வாடிக்கையாளர் ‘ஆமாம்’ என்பதைத்தான் எதிர்பார்க்கிறார், சொல்லிவிட்டுப் போவோம் என்று பழக்கியிருக்கிறார்கள்.

லண்டனின் ஹாரோவில் இத்தனை காலம் வாழ்ந்ததால்தான் இது எனக்கு இவ்வளவு உறைக்கிறதோ என்னவோ. அங்கே எல்லாம் ஒழுங்கு என்று நான் சொல்ல வரவில்லை. சைவ உணவுக்குச் சட்டப்படியான வரையறை பிரிட்டனில் இல்லை. உணவுப் பட்டியலில் இருக்கும் ‘வி’ எழுத்து கடைக்காரர் தாமாகப் போட்டுக்கொள்வது, அதில் முட்டையும் அடங்கும். யார்க்‌ஷயர் பக்கம் போனால் உருளைக்கிழங்கு சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் இன்றும் உண்டு. ஆனால் 14 வகை ஒவ்வாமைப் பொருள்களில் எது எந்த உணவில் இருக்கிறது என்று கடைக்காரர் சொல்லியே தீர வேண்டும் என்பது 2014 டிசம்பர் முதல் அங்கே சட்டம். அதனால் கேள்வி கேட்டால் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து பதில் சொல்லும் பழக்கம் ஊறிவிட்டது. ‘மீன் பொரிக்கும் எண்ணெயிலேயே சிப்ஸும் பொரிக்கிறோம்’ என்று அட்டையிலேயே அச்சிட்டிருக்கும் பப்புகளைப் பார்த்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு வேண்டாம் என்று ஒதுங்கிக்கொள்கிறோம். யாருக்கும் மனக்கசப்பு இல்லை.

நம் நாட்டிலும் விதி இல்லாமல் இல்லை. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கடை வைத்திருப்பவர்கள் கலோரி அளவையும், ஒவ்வாமைப் பொருள்களையும், சைவ அசைவக் குறியையும் வாடிக்கையாளருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் வகுத்த விதி 2022-இல் நடைமுறைக்கு வந்தது. புறநகரில் நாம் சாப்பிடப் போகும் ஒற்றைக் கடைகளை அந்த விதி எட்டுவதில்லை. எட்டினாலும், பச்சைப் புள்ளி என்பது உணவில் சேர்த்த பொருளைப் பற்றிச் சொல்லுமே தவிர, அது வெந்த கடாயைப் பற்றிச் சொல்லாது. உணவு வரவழைக்கும் செயலியில் ‘வெஜ் மட்டும்’ என்று வடிகட்டினாலும் இதே கதைதான்.

அந்த இரவுக்குப் பிறகு வெளியில் சாப்பிடவே வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டார். ஆனாலும் தம்பி விடாப்பிடியாக மேடவாக்கத்தில் தனக்குத் தெரிந்த ஒரு கடைக்கு எங்களை அழைத்துக்கொண்டு போனான். நடுத்தரமான கடை, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் தோசை போடுவது மேசையிலிருந்தே தெரிந்தது. இந்த முறை நான் ‘தனியா’ என்று கேட்கவில்லை, “கோபி எந்த எண்ணெயில பொரிக்கிறீங்க?” என்று கேட்டேன். இருபது வயதுகூட இருக்காது அந்தப் பையனுக்கு. கொஞ்சமும் தயங்காமல், “அம்மா சுத்த சைவமா சார்? அப்போ பொரிச்ச ஐட்டம் எதுவும் வேண்டாம், எண்ணெய் ஒண்ணுதான். ஃப்ரைடு ரைஸும் வேண்டாம், அதே வாணலிதான். இட்லி, இடியாப்பம், தோசை தைரியமா சாப்பிடலாம். தோசைக்கல்லு ரெண்டு, ஆம்லெட், கலக்கி எல்லாம் அந்தக் கல்லு, இது சைவக் கல்லு” என்று கையை நீட்டிக் காட்டினார்.

அதோடு நிற்கவில்லை. மகள் பரோட்டா கேட்டதும், “பிளெயின் சால்னா வாங்காதீங்கம்மா, அது சிக்கன் சால்னாதான், பீஸ் இருக்காது, அவ்வளவுதான். குருமா தரேன்” என்றார். துண்டு இல்லாததால் அதைச் சைவம் என்று நம்பிச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர் என்று நினைத்துப் பார்த்தேன். வெஜ் ரோல் பற்றிக் கேட்டபோது மயோனைஸ் இல்லாமல் தரச் சொல்வதாகச் சொன்னார். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழ்நாட்டில் 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை வந்தது நினைவிருக்கும். அப்படியிருந்தும், வந்து இறங்கும் டப்பாவில் முட்டை இருக்கிறதா என்று தனக்குத் தெரியாது என்பதையும் அவரே சொன்னார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் ஒரு சர்வரை ஊரில் பார்த்ததில் எனக்கு உண்டான மகிழ்ச்சியை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

அம்மா இரண்டு தோசை சாப்பிட்டார். தேங்காய்ச் சட்னி இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். பக்கத்தில் தம்பி பிரியாணி சாப்பிட்டதில் அவருக்கு எந்தச் சங்கடமும் இல்லை, என்றைக்குமே இருந்ததில்லை. ஊரில் இருந்த மிச்ச நாளெல்லாம் வெளியில் சாப்பிடுவது என்றால் அந்தக் கடைதான் என்று ஆகிவிட்டது. நங்கநல்லூரில் ஆஞ்சநேயர் கோயில் பக்கம் போனால் இந்த விசாரணைக்கே வேலையில்லை, சைவக் கடைகள் தாராளமாக இருக்கின்றன; ஆனால் ராத்திரி எட்டு மணிக்கு மேல் சேலையூரிலிருந்து அவ்வளவு தூரம் முதியவர்களை அழைத்துக்கொண்டு போய்வருவது நடக்கிற காரியமா?

கிளம்புவதற்கு முன் அந்த மேடவாக்கம் கடையின் கல்லாவில் இருந்த உரிமையாளரிடம் அந்தப் பையனைப் பற்றி நல்ல வார்த்தை சொல்லிவிட்டு, ‘பொரிக்கும் எண்ணெயும் வாணலியும் பொது, தோசைக்கல் தனி’ என்று உணவு அட்டையின் கீழே ஒரு வரி அச்சிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அதனால் ஒன்றுமில்லை, சைவக்காரர்கள் உங்களைத் தேடி வருவார்கள் என்றேன். அடுத்த முறை அட்டை அடிக்கும்போது போட்டுவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்.