தங்கம் கொடுத்துக் கல் வாங்கிய கதை: பாங்காக்குக்குத் தனியாகப் போகிறவர்கள் கவனத்துக்கு

எங்கள் கம்பெனியில் ஒருவர் அடுத்த மாதம் தனியாக பாங்காக் போகிறார். அவரை உட்காரவைத்து நேரில் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுதிவிடுகிறேன். சிரித்தாலும் பரவாயில்லை, முழுதாகப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

நான் வேலூர்க்காரன். ராணிப்பேட்டையில் ஷூ கம்பெனி ஒன்றில் 16 வருடமாகத் தரம் பார்க்கிற வேலை. எருமைத் தோலா, மாட்டுத் தோலா, தழும்பை உரசி எடுத்துவிட்டு மேலே பூச்சு அடித்ததா என்பதை விரலால் தடவியே சொல்லிவிடுவேன். என்னை யாரும் ஏமாற்ற முடியாது என்ற நினைப்பு அங்கிருந்து வந்ததுதான். தோலுக்கு அது சரி.

2024 நவம்பரில் நாலு பேர் போவதாகத்தான் பேச்சு. ஒருவருக்கு பாஸ்போர்ட் வரவில்லை, ஒருவருக்கு வீட்டில் விசேஷம், மூன்றாமவர் கடைசி வரை காரணமே சொல்லவில்லை. டிக்கெட் போட்டாச்சு, பணம் திரும்பாது. தனியாகவே சென்னையில் விமானம் ஏறினேன்.

ஊரைக் குறை சொல்லக் கூடாது. சுவர்ணபூமி விமான நிலையத்திலிருந்து நகருக்குள் ஃபாயா தாய் ஸ்டேஷன் வரை ரயிலில் 45 பாட் (பாட் என்பது அந்த ஊர்ப் பணம்), ஒரு சிக்கலும் இல்லை. டாக்ஸியில் மீட்டர் 35 பாட்டில் தொடங்குகிறது, போடச் சொன்னால் போடுகிறார்கள். முதல் இரண்டு நாளில் ஒரு பைசா தப்பாகப் போகவில்லை. ஆனால் அந்த இரண்டு நாளும் விலை கேட்டதையும் நன்றி சொன்னதையும் தவிர நான் வாயைத் திறக்கவில்லை. ராத்திரி அறையில் ஆற்காட்டு மக்கன் பேடாவைத் தின்றுகொண்டு வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் பேசுவதோடு சரி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மூன்றாம் நாள் காலையில் ஒருவர் சிரித்துக்கொண்டே "இந்தியாவா?" என்று கேட்டபோது எனக்கு வந்த சந்தேகத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது.

அன்றைக்குப் பெரிய அரண்மனை பார்க்கத் திட்டம். மெட்ரோவில் சனாம் சாய் ஸ்டேஷனில் இறங்கி, படுத்திருக்கும் புத்தர் உள்ள வாட் ஃபோ மதிலை ஒட்டி நடந்தேன். அரண்மனை மதில் சுற்றிலும் 1,900 மீட்டர். வாசல்கள் பல உண்டு, சுற்றுலாக்காரர்களை விடும் வாசல் வேறு பக்கம். அது தெரியாமல் மூடிய வாசல் ஒன்றின் முன்னால் நீங்கள் முழிக்கிற அந்த நேரத்துக்காகவே ஆள் நிற்கிறார்.

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. "இன்று காலை பிக்குகளுக்கு பூஜை. வெளிநாட்டவரை ஒரு மணிக்குமேல்தான் விடுவார்கள்" என்றார். தன் தம்பி சென்னையில் படித்தான் என்றார். அதற்குள் போய்வர மூன்று இடங்களை என் வரைபடத்தில் வட்டம் போட்டுக் கொடுத்தார். தெருவில் போன டுக்-டுக்கை, அதாவது அந்த ஊர் ஆட்டோவை, அவரே நிறுத்தி, மூன்று இடத்துக்கும் சேர்த்து 40 பாட் என்று பேசியும் விட்டார். 40 பாட் என்றால் அப்போது நம் பணத்தில் சுமார் நூறு ரூபாய். இந்தக் காசுக்கு ஒரு மணி நேரம் யார் வண்டி ஓட்டுவார்கள் என்று நான் அந்த இடத்திலேயே யோசித்திருக்க வேண்டும். வேலூரில் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து பாகாயம் போகவே ஆட்டோவில் அந்தக் காசுக்கு ஏற முடியாது.

முதலில் வாட் இந்தாரவிஹான். 32 மீட்டர் உயரத்துக்கு நிற்கும் புத்தர், உண்மையிலேயே பார்க்கவேண்டிய இடம். அடுத்தது பெயர் தெரியாத சின்னக் கோயில். உள்ளே ஒரே ஒருவர், கண்மூடி உட்கார்ந்திருந்தார். அவராகத்தான் பேச்சைத் தொடங்கினார். தான் சிங்கப்பூரில் வக்கீல் என்றும், மனைவிக்கு இந்த ஊர் என்றும் சொன்னார். எழுந்து போகும்போதுதான், ஏதோ மறந்ததைச் சொல்வதுபோல, கல் விஷயம் வந்தது. வருடத்தில் ஒரு வாரம் அரசாங்கம் வரி இல்லாமல் ரத்தினக் கற்கள் விற்க விடுமாம், இன்று கடைசி நாளாம், அவர் போன வருடம் வாங்கி ஊரில் இரட்டிப்புக்கு விற்றாராம். வெளியே வந்தால் டுக்-டுக் ஓட்டுநரும் நான் கேட்காமலேயே அதையே சொல்கிறார்.

ஆட்டை நாய் என்று மூன்று பேர் சொல்லிப் பிடுங்கிய கதையைப் பாட்டி மடியில் கேட்டு வளர்ந்தவன்தான் நானும். என்ன பயன்?

அதைவிடக் கேவலம் ஒன்று உண்டு. இந்த வித்தை எனக்குப் புதிதே அல்ல. வைத்தியத்துக்கு வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் காட்பாடி ஸ்டேஷனில் வந்து இறங்குகிறவர்களிடம், "அந்த லாட்ஜா, ஃபுல்லு, நான் வேற காட்றேன் வா" என்று கமிஷனுக்குக் கூட்டிப்போகும் ஆட்களைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். பாவம், ஊர் தெரியாதவர்கள் என்று பரிதாபப்பட்டதும் உண்டு. "அரண்மனை மூடியிருக்கிறது" என்பதும் "லாட்ஜ் ஃபுல்லு" என்பதும் ஒரே வாக்கியம். கூட ஒரு வேலூர்க்காரன் இருந்திருந்தால் முதல் நிமிடத்திலேயே என் சட்டையைப் பிடித்து இழுத்திருப்பான்.

கடையில் ஏசி, ஜூஸ், நாற்காலி இழுத்துப் போடும் மரியாதை. மூன்று கெம்பு, இரண்டு நீலம், ஆக ஐந்து கல்லை வெள்ளைத் துணியில் பரப்பினார்கள். தரம் பார்க்கிறவன் அல்லவா, சோதனை கேட்டேன். ஒரு கண்ணாடித் துண்டை எடுத்துக் கெம்பால் கீறிக் காட்டினார்கள், கோடு விழுந்தது. அத்தோடு என் சோதனை முடிந்தது. சீல் போட்ட சான்றிதழும் வந்தது. ஓட்டுநருக்கு உள்ளே ஏதோ சீட்டு கொடுத்ததையும் கவனித்தேன். ஆளைக் கூட்டிவந்தால் தரும் பெட்ரோல் கூப்பன் அது என்று பிறகு தெரிந்தது. 40 பாட் கணக்கு அங்கேதான் நேராகிறது.

இனிமேல்தான் முக்கியமான இடம். கார்டை நீட்டினேன். "கார்டில் வாங்கினால் வரிச்சலுகை போய்விடும். பக்கத்துத் தெருவில் தங்கக் கடை இருக்கிறது. அங்கே கார்டில் தங்கம் வாங்கி எங்களிடம் கொடுங்கள், எங்களுக்கு அதுவும் பணம்தான்" என்றார்கள். துணைக்கு ஒரு பெண்ணையும் அனுப்பினார்கள். அங்கே தங்கத்தின் எடைக்கும் பாட் என்றுதான் பெயர். ஒரு பாட் நகை 15 கிராமுக்குக் கொஞ்சம் மேல், சுத்தம் 96.5 சதவீதம். நான் அரை பாட் சங்கிலி ஒன்றை 21,500 பாட்டுக்கு, அதாவது சுமார் 52,000 ரூபாய்க்கு வாங்கினேன். நம் கணக்கில் ஒரு சவரனுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நல்ல தங்கத்தைக் கொண்டுபோய்க் கல் கடை மேசையில் என் கையாலேயே வைத்தேன்.

ஏன் இந்தச் சுற்று என்பது ஊருக்கு வந்து பேங்கில் புகார் கொடுத்தபோது விளங்கியது. கார்டு பில்லில் இருப்பது தங்கக் கடை. அது சொன்ன விலைக்குச் சரியான தங்கத்தைக் கொடுத்துவிட்டது. அதில் தகராறு எழுப்ப என்ன இருக்கிறது? கல் கடைக்கு நான் பணமே கட்டவில்லையே! இவ்வளவு சுத்தமான வேலையை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை மறுபடி அரண்மனைக்குப் போனேன், இந்த முறை சரியான வாசலுக்கு. ஒலிபெருக்கி ஆங்கிலத்தில் கத்திக்கொண்டிருந்தது: அரண்மனை தினமும் திறந்திருக்கும், வெளியாட்கள் பேச்சை நம்பாதீர்கள். போர்டும் வைத்திருக்கிறார்கள். 500 பாட் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். அப்போதே சுற்றுலாப் போலீஸ் எண் 1155-க்கு அழைத்திருக்கலாம். ஆங்கிலத்தில் பேசுவார்கள், கடை எங்கே என்று காட்டவும் என்னால் முடிந்திருக்கும். செய்யவில்லை. வழி பொய்யாக இருக்கலாம், கல் நிஜம்தானே, கண்ணாடியைக் கீறியதே என்று மனசைத் தேற்றிக்கொண்டு மரகத புத்தரைப் பார்க்கப் போய்விட்டேன். ஏமாந்தது முந்தின நாள். அதை ஒத்துக்கொள்ளாமல் விட்டது மறுநாள். இரண்டாவதுக்குத்தான் இன்னும் வயிறு எரிகிறது.

வேலூரில் எங்கள் குடும்பத்துக்கு நகை செய்யும் ஆசாரி, லென்ஸைக் கண்ணில் வைத்து ஒரு நிமிடம்கூடப் பார்க்கவில்லை. "கண்ணாடிய கீறிக் காட்டினானா சார்? கீறத்தான் கீறும். ஃபேக்டரி கல்லும் அதே கெட்டிதான்" என்றார். என்னையும் பார்க்கச் சொன்னார். கெம்புக்குள் பொடிப்பொடியாகக் காற்றுக் குமிழ், வில்போல வளைந்த கோடுகள். மண்ணில் விளைந்த கல்லில் கோடு நேராகத்தான் போகுமாம். நெருப்பில் உருக்கிக் கெம்பு செய்யும் முறையை வெர்னூயி என்ற பிரெஞ்சுக்காரர் 1902-லேயே வெளியிட்டுவிட்டார் என்று அப்புறம் படித்துத் தெரிந்துகொண்டேன். ஐந்தும் சேர்த்து 500 ரூபாய் போகும் என்றார் ஆசாரி. பார்த்ததற்குக் கூலி வாங்கவில்லை.

போகிறவருக்கு: அரண்மனை காலை 8.30-க்குத் திறக்கும், மாலை 3.30 வரை டிக்கெட் தருவார்கள். அரச குடும்பத்து நிகழ்ச்சிக்காக மூடினால் அவர்கள் இணையதளத்திலேயே போட்டுவிடுவார்கள், தெருவில் நிற்கிறவர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அரைக்கால் சட்டையோடு போகாதீர்கள், உள்ளே விட மாட்டார்கள், அதையே சாக்காக வைத்தும் வெளியே ஆள் பிடிப்பார்கள். டுக்-டுக் ஏறிப் பார்க்க ஆசையாக இருந்தால் நீங்களாகக் கைகாட்டி நிறுத்துங்கள், ஒரே ஓர் இடத்துக்குப் பேசுங்கள். பேச ஆள் வேண்டுமென்று தோன்றினால் எனக்கு போன் போடுங்கள், அங்கே மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் முன்னால். கல் மட்டும் வாங்கவே வாங்காதீர்கள்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு விழும் என்று தயாராக இருந்தேன், விழவில்லை. ஐந்து கல்லையும் குங்குமச் சிமிழில் போட்டு மூடினாள். ராத்திரி விளக்கை அணைத்த பிறகு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏங்க, அந்தச் சங்கிலி என்னா டிசைன்?"