பாட்டைத் திருத்துவதா, பாடகரை நிறுத்துவதா?

இழிசொல் பாட்டுக்குள்ளேயே இருந்தால் திருத்த வழி உண்டு. 1995-ல் மைக்கேல் ஜாக்சன் அதைத்தான் செய்தார்: யூதர்களைப் புண்படுத்திய சொற்களுக்கு மன்னிப்புக் கேட்டு, அவற்றை மாற்றிப் பதிவு செய்தார். ஆனால் முதல் பதிப்புக் குறுந்தகடுகள் கடைக்குப் போய்விட்டன. அவற்றில் பழைய சொற்களே இன்றும் ஒலிக்கின்றன. வெளியீட்டுக்கு முன்பே வரிகளை வெளியாள் ஒருவர் படித்திருக்க வேண்டும்.

அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர் மோர்கன் வாலன் விவகாரத்தில் திருத்தப் பாட்டே இல்லை. 2021 பிப்ரவரி 2 அன்று வெளியான வீடியோவில், நாஷ்வில் வீட்டு வாசலில் நின்று கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லைக் கத்துகிறார். மறுநாளே பெரிய வானொலிக் குழுமங்கள் பாடல்களை எடுத்துவிட்டன. அவருடைய இசை வெளியீட்டு நிறுவனமான பிக் லவுட் ஒப்பந்தத்தைக் காலவரையின்றி நிறுத்திவைத்தது. ஸ்பாட்டிஃபை தன் பிளேலிஸ்ட்களிலிருந்து நீக்கியது. தேடினால் பாட்டு கிடைத்தது, அவ்வளவுதான் வித்தியாசம். விற்பனை எகிறியது. ஏற்கெனவே முதலிடத்தில் இருந்த ஆல்பம், அமெரிக்க ஆல்பத் தரவரிசைப் பட்டியலான பில்போர்டு 200-ல் மொத்தம் 10 வாரம் தொடர்ந்து முதலிடம்.

ஓட்டை அந்தக் 'காலவரையின்றி'யில்தான்: தேதியும் இல்லை, நிபந்தனையும் இல்லை. தடைக்காலத்து ராயல்டியில் எத்தனை சதவீதம், யாருக்கு, எந்த நாள்வரை என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்தால், ரசிகர்கள் வீம்புக்கு வாங்கிய பணமும் புண்பட்டவர்கள் பக்கம் போயிருக்கும்.