குதிரையும் வள்ளிக்கிழங்கும்: மாதவிடாய் நின்றபின் எந்த ஹார்மோன்?

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஹார்மோன் எழுதிக்கொடுத்தால், "இது இயற்கையானதா, செயற்கையா?" என்பதுதான் பலர் முதலில் கேட்கும் கேள்வி. என் சித்தியும் அதையே கேட்டார். அவருக்கு 42 வயதில் கர்ப்பப்பையையும் இரு சூலகங்களையும் எடுத்துவிட்டிருந்தார்கள். "இயற்கைதான்" என்று பதில் வந்ததும் நிம்மதியாக வாங்கிக்கொண்டு வந்தார். கையில் இருந்தது சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து எடுத்த மாத்திரை. இயற்கைதான், யார் இல்லை என்றது?

1942 முதல் அமெரிக்காவில் விற்கும் பிரெமரின் அது. 'சினைக் குதிரைச் சிறுநீர்' என்பதற்கான ஆங்கிலச் சொற்களைக் கத்தரித்து ஒட்டியதுதான் அந்தப் பெயர். அதில் பல ஈஸ்ட்ரோஜன்கள், அதாவது பெண்மை ஹார்மோன்கள், கலந்திருக்கின்றன. அவற்றில் ஈக்விலின் போன்றவை எந்தப் பெண்ணின் உடலிலும் சுரக்காதவை. இன்னொரு பக்கம், தோலில் தடவிக்கொள்ளும் எஸ்ட்ரடயோல் என்ற ஈஸ்ட்ரோஜன் ஜெல். சோயாவிலிருந்தோ காட்டு வள்ளிக்கிழங்கு இனத்திலிருந்தோ மூலப்பொருளை எடுத்து, ஆலையில் பல படிகளில் மாற்றிச் செய்வது. ஐயமில்லாமல் செயற்கை. ஆனால் சூலகம் சுரக்கும் எஸ்ட்ரடயோலையும் இதையும் அருகருகே வைத்தால் எந்த வேதியியலாளராலும் மூலக்கூறில் வேறுபாடு காட்ட முடியாது.

ஆகவே இயற்கை, செயற்கை என்ற தராசைக் கீழே வைத்துவிடுவோம். எந்த மூலக்கூறு, எந்த வழியாக உடம்புக்குள் போகிறது, எந்த வயதில் தொடங்குகிறோம், கர்ப்பப்பை இருக்கிறதா: எடைபோட வேண்டியவை இவைதான்.

கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. திடீரென்று உடம்பெல்லாம் சூடேறி வியர்த்துக் கொட்டுவது, நடுஇரவில் விழிப்பு, எலும்பு தேய்வது ஆகியவற்றுக்கு ஈஸ்ட்ரோஜன் நன்றாகவே கேட்கும். சூடேறும் தொல்லைக்கு அதைவிடச் சிறந்த மருந்து இன்றும் இல்லை. ஆனால் ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால் கர்ப்பப்பையின் உட்சவ்வு தடித்து, புற்றுநோய் வரை போகலாம். 1970களின் நடுவில் அமெரிக்கா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. அதன்பின் கர்ப்பப்பை உள்ளவர்களுக்குப் புரோஜெஸ்டிரோன் வகை மருந்து ஒன்றும் துணையாகச் சேர்ந்தது. கதை திசைமாறியது அந்தத் துணையால்தான் என்பது என் கணிப்பு.

2002 ஜூலையில் அமெரிக்காவின் 'பெண்கள் நல முன்முயற்சி' ஆய்வின் ஒரு பகுதி பாதியில் நிறுத்தப்பட்டது. கர்ப்பப்பை உள்ள 16,608 பெண்களில் ஒரு பாதிக்குக் குதிரை ஈஸ்ட்ரோஜனும் துணை மருந்தான மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோன் அசிட்டேட்டும் சேர்ந்த மாத்திரை, மறு பாதிக்கு வெற்று மாத்திரை. ஆண்டுக்கு 10,000 பெண்களில் மார்பகப் புற்றுநோய் 30 பேருக்கு வரும் இடத்தில் மருந்துக் குழுவில் 38 பேருக்கு வந்தது. பக்கவாதம் 21 என்பது 29 ஆனது. நுரையீரலில் ரத்தக்கட்டி 8 என்பது 16 ஆனது. மறுபுறம், இடுப்பெலும்பு முறிவு 15-இலிருந்து 10 ஆகவும், பெருங்குடல் புற்றுநோய் 16-இலிருந்து 10 ஆகவும் குறைந்தன. செய்தித்தாள்களில் முதல் பாதி மட்டும் பெரிய எழுத்தில் வந்தது. ஆய்வில் இருந்த பெண்களின் சராசரி வயது 63 என்பதைக் கவனித்தவர்கள் குறைவு. இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது. 63 வயது ரத்தக்குழாயில் நடந்ததை வைத்து 48 வயதுக்காரரை அச்சுறுத்துவது நியாயமில்லை.

சித்தி செய்தியைப் பார்த்த அன்றே மாத்திரை அட்டையைக் குப்பையில் போட்டார்.

அதே ஆய்வில் அவருக்குப் பொருந்தும் இன்னொரு பகுதி இருந்தது. கர்ப்பப்பை எடுக்கப்பட்ட 10,739 பேர், குதிரை ஈஸ்ட்ரோஜன் மட்டும். அது 2004 வரை நடந்தது. அங்கேயும் பக்கவாதம் கூடியது. ஆனால் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. பல ஆண்டு தொடர்ந்து பார்த்தபோது வெற்று மாத்திரைக் குழுவைவிடக் குறைவாகவே இருந்தது. குதிரைமேல் விழுந்த பழியில் பெரும்பங்கு மெட்ராக்ஸிபுரோஜெஸ்டிரோனுக்குச் சேர வேண்டியது என்று நான் சொல்வது இதனால்தான். போதாக்குறைக்கு, சூலகங்களை இளவயதில் இழந்தவர்கள் இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் எடுப்பது நல்லது என்பது மருத்துவ வழிகாட்டுதல். சித்தி 45-இலேயே நிறுத்திவிட்டார்.

இனி ஜெல்லின் முறை. மாத்திரையாக விழுங்கும் ஈஸ்ட்ரோஜன், குதிரையுடையதோ ஆலையுடையதோ, முதலில் கல்லீரலுக்குப் போய் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கிளப்பிவிடுகிறது. தோல்வழி போவது அந்த வாசலைத் தவிர்த்துவிடுகிறது. பிரான்சில் நடந்த எஸ்தர் ஆய்வில், மாத்திரை எடுத்தவர்களுக்கு ரத்தக்கட்டி வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு. தோல்வழி எடுத்தவர்களுக்குக் கூடவே இல்லை. உடல் பருமனோ குடும்பத்தில் ரத்தக்கட்டி வரலாறோ உள்ளவருக்கு ஹார்மோன் கொடுத்தே ஆக வேண்டுமென்றால், ஜெல்லை விட்டுவிட்டு மாத்திரை எழுதுவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை. விலை கூடுதல் என்பது மட்டுமே காரணமாக இருக்க முடியும். அந்தக் காரணம் நம் ஊரில் சிறியதல்ல. தோல்வழி ஈஸ்ட்ரோஜன் தரும் ஒட்டுப்பட்டையும் உண்டு. சித்திரை வெயில் வியர்வையில் அது ஒட்டிக்கொண்டிருக்குமா என்பது வேறு விவகாரம். ஜெல் தடவியவர் அது காயும்வரை பேரக்குழந்தையைத் தூக்கக் கூடாது.

துணை மருந்திலும் வேறுபாடு இருக்கிறது. நுண்துகளாக்கிய புரோஜெஸ்டிரோன் உடம்பில் சுரப்பதன் நேர்ப் பிரதி. தூக்கம் வரவழைக்கும் என்பதால் இரவில் விழுங்கச் சொல்வார்கள், தூக்கமின்றித் தவிப்பவருக்கு அது கொசுறு. 80,000-க்கும் மேற்பட்ட பிரெஞ்சுப் பெண்களைத் தொடர்ந்த ஆய்வின் 2008 அறிக்கையில், ஈஸ்ட்ரோஜனோடு இதைச் சேர்த்தவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை. மற்றத் துணை மருந்துகளில் பெரும்பாலானவற்றைச் சேர்த்தவர்களிடம் ஏறத்தாழ 1.7 மடங்கு ஆனது. ஆனால் இது குலுக்கல் முறையில் மருந்து கொடுத்துச் செய்த சோதனை அல்ல, வெறும் கவனிப்பு. எனவே 'பாதுகாப்பானது' என்று முத்திரை குத்த மாட்டேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் மட்டும் தயங்காமல் இதைச் சொல்வேன்.

டிபோலோன் தனி ரகம். ஒரே மாத்திரை உடம்பில் உடைந்து ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஆண்மை ஹார்மோன் ஆகிய மூன்றின் வேலையையும் கொஞ்சம் கொஞ்சம் செய்கிறது. ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் கிடைக்கிறது, அமெரிக்கா அனுமதிக்கவில்லை. 60 வயதைத் தாண்டிய, எலும்புப்புரை உள்ள பெண்களிடம் நடந்த சோதனையில் அது முதுகெலும்பு முறிவைப் பாதியாக்கியது, பக்கவாதத்தை இரண்டு மடங்காக்கியது. வேறொரு சோதனையில், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களுக்கு நோய் திரும்பும் வாய்ப்பையும் கூட்டியது. அவர்களுக்கு இது ஆகாது, ஈஸ்ட்ரோஜனும் வழக்கமாக ஆகாது.

ஹார்மோன் ஆகாதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் பராக்ஸெட்டின் குறைந்த அளவில் சூட்டைத் தணிக்கும். ஆனால் அது டமாக்ஸிஃபென் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்தின் வேலையைக் கெடுக்கும், இரண்டையும் ஒன்றாக எடுக்கக் கூடாது. 2023-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபெசோலினெடன்ட் மூளையில் வெப்பத்தைச் சீராக்கும் இடத்தில் நேரடியாக வேலை செய்கிறது. அடுத்த ஆண்டே கல்லீரல் எச்சரிக்கை அதன் பெட்டியில் ஏறிவிட்டது.

எஞ்சியது பிறப்புறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீம். வறட்சிக்கும், மீண்டும் மீண்டும் வரும் சிறுநீர்த் தொற்றுக்கும் இது நல்ல மருந்து. ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். அப்படியிருந்தும், 2002 மாத்திரைக்கு எழுதிய பக்கவாத, புற்றுநோய் எச்சரிக்கையையே இதன் தாளிலும் இத்தனை காலம் அச்சிட்டார்கள். அவற்றை நீக்கப்போவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 நவம்பரில்தான் அறிவித்தது. சித்தி இப்போது பயன்படுத்துவது இதைத்தான். பெட்டியைத் திறந்ததும், உள்ளே மடித்து வைத்திருக்கும் தாளைப் பிரிக்காமலே குப்பையில் போட்டுவிடுகிறார்.